பழைய கைபேசியில் ஆறாம் வகுப்புப் பாடம்: ஒரு பட்டறைப் பதிவு

கைபேசியைத் தயார் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். அது படித்துக் காட்டப்போகும் தமிழ்ப் பாடத்தைத் தயார் செய்யத்தான் வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. இதே வேலையில் இறங்கப்போகும் பெற்றோரும் ஆசிரியர்களும் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி எரிச்சல் மிச்சமாகும்.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, சார்ஜிங் போர்டு மாற்றுவது, தண்ணீரில் விழுந்ததைத் திறந்து காயவைப்பது என்று நாள் ஓடும். கடை வாசலில் பூக்கட்டி விற்கும் அக்காவின் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். கேள்வியை நாம் வாசித்துக் காட்டினால் டக்கென்று பதில் சொல்வான். அதே கேள்வியைத் தாளில் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர்தான் இதைக் கவனித்து முறையான பரிசோதனைக்கு அனுப்பினார். கண்ணிலும் காதிலும் கோளாறு இல்லை என்று பார்த்த பிறகு, டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்று உறுதியானது. அந்தப் பரிசோதனையைக் கைபேசிச் செயலி எதுவும் செய்ய முடியாது. செயலியை வைத்துப் பிள்ளைக்குப் பட்டம் கட்ட வேண்டாம்.

"தம்பி, பாடத்தைப் படித்துக் காட்டுகிற மாதிரி ஒரு போன் செய்து கொடுக்க முடியுமா?" என்று அக்கா கேட்டார். முடியும் என்றேன்.

முதலில் உடம்பு. யாரோ எடுக்க வராமல் விட்டுப்போன ஆண்ட்ராய்டு 10 கைபேசி ஒன்று அலமாரியில் கிடந்தது. உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டபோது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். பேட்டரி உப்பிப் பின்மூடியைத் தூக்கியிருந்தது. உப்பிய பேட்டரியை வீட்டில் நெம்பி எடுக்க முயல வேண்டாம், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். கடையில் கொடுத்து மாற்றுங்கள். ஒலிபெருக்கி வலையில் அடைத்திருந்த தூசியை மென்தூரிகையால் எடுத்ததும் குரல் தெளிந்தது. குழந்தை நாள் முழுக்கக் கேட்கப்போகும் கருவியில் இது சின்ன விஷயம் அன்று. தகரத்தைத் தட்டுவது போன்ற குரலில் 'ல'வும் 'ள'வும் ஒன்றாகவே கேட்கும். கேமராக் கண்ணாடியில் கீறல் இருந்ததால் அதையும் மாற்றினேன். பக்கங்களைப் படமெடுக்க அதுதான் வாசல்.

அடுத்து மென்பொருள். எல்லாவற்றையும் அழித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்தேன். சிம் இல்லை. காணொளிச் செயலிகளை முடக்கிவிட்டேன். அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் போனால் எழுத்தைப் பேச்சாக்கும் பகுதி இருக்கும். அங்கே கூகுளின் பேச்சு இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, தமிழ்க் குரலுக்கான தரவை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் பேசும். ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் இருக்கும். எல்லாவற்றையும் பிள்ளைக்குப் போட்டுக் காட்டி அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். இவன் பெண் குரலை வேண்டாம் என்றான். "டீச்சர் மாதிரி இருக்கிறது மாமா" என்பது காரணம்.

வேகத்தை இயல்பைவிடச் சற்றே குறைத்தேன். மிகவும் குறைத்தால் உயிரெழுத்துகள் இழுபட்டு, குறில் எது நெடில் எது என்று தெரியாமல் போகிறது. மெதுவாகப் படித்தால் நன்றாகப் புரியும் என்று நாம் நினைப்பது இயந்திரக் குரலுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் நிறுத்தம் நீளமாக இருப்பதே உதவுகிறது.

அதே அணுகல்தன்மைப் பகுதியில் 'செலக்ட் டு ஸ்பீக்' இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், திரையில் எந்த எழுத்தைத் தொட்டாலும் படிக்கும், படிக்கும் இடத்தை நிறத்தால் காட்டும். பாடக் கோப்புகளுக்கு '@வாய்ஸ் அலவுட் ரீடர்' என்ற செயலியை வைத்தேன். அது வாக்கியம் வாக்கியமாக நிறம் நகர்த்திப் படிக்கும். கடைசியாக, செயலியைத் திரையில் பூட்டிவைக்கும் வசதியை இயக்கினேன். பாடத்திலிருந்து விளையாட்டுக்குத் தாவ முடியாது.

இதோடு கைபேசி தயார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். உண்மையில் வேலை அப்போதுதான் ஆரம்பித்தது.

சமூக அறிவியலில் சிந்துவெளி நாகரிகம் பாடம் போய்க்கொண்டிருந்தது. பாடநூலின் பிடிஎஃப் இணையத்தில் கிடைக்கிறது. இறக்கி, ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமாகக் கொட்டின. அச்சுக்குப் பயன்படுத்தும் பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துகளின் இடங்களில் உட்கார்த்தி வைத்திருப்பார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது தமிழே இல்லை. பேச்சு இயந்திரம் அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று பையனுக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்துச் சிரித்து முக்காலியிலிருந்து விழப்போனான். எந்தக் கருவியும் தமிழாகவே அடையாளம் காணும் ஒருங்குறியில் (யூனிகோட்) பாடநூல் கொடுக்க இன்றைக்கு என்ன தடை என்று எனக்கு விளங்கவில்லை. பார்வையற்ற மாணவர்களுக்கும் இதே சுவர்தான்.

ஆகவே படமெடுத்து எழுத்தை உணரவைக்கும் வழி. ஓரிரு பத்திக்குக் கூகுள் லென்ஸ் போதும். முழுப் பாடத்துக்கு, பக்கங்களைப் படமாக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் எழுத்தாகிவிடும். படம் 2 எம்பிக்குள் இருக்க வேண்டும். பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்தில், புத்தகத்தின் நடுமடிப்பு வளையாதபடி கண்ணாடித் தகடு வைத்து அழுத்தி எடுத்தேன். ஓரத்துப் பெட்டிச் செய்திகளைத் தாளால் மறைத்துவிட்டு எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் அவை பத்தியின் நடுவே வந்து செருகிக்கொள்ளும்.

வந்த எழுத்து நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று தோன்றும். மிச்சம்தான் பிள்ளையைக் கவிழ்க்கும். நமக்கு ஒரு எழுத்துப் பிழை வந்தால் மனம் தானாகத் திருத்திக்கொள்கிறது. அவனுக்கு அந்தத் திருத்தம் வராது என்பதால்தானே இவ்வளவும்!

முதல் தொல்லை கொம்புக்கால். 'மௌனம்' என்ற சொல் 'மெளனம்' என்று வருகிறது. ஒற்றைக்கொம்புக்குப் பிறகு வருவது கொம்புக்கால். அதை எழுத்துணரி ளகரமாக எடுத்துக்கொள்கிறது. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். குரல் மட்டும் 'மெ-ள-னம்' என்று மூன்றாக உடைத்துப் படிக்கும். தேடி மாற்றிவிடலாம் என்று எல்லா 'ெள'வையும் 'ௌ' ஆக்கினால் வெள்ளம், வெளிச்சம், தெளிவு எல்லாம் நாசமாகும். நான் வைத்துக்கொண்ட விதி இது: ளகரத்தின்மேல் புள்ளியோ, அதை ஒட்டி வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே, வெறும் 'ள'வாக நின்றால் மட்டும் மாற்று. கௌரவம், பௌர்ணமி, வௌவால் எல்லாம் இதில் சரியாகிவிட்டன. மாற்றிய இடங்களைக் கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது, துணைக்காலும் ரகரமும். 'ர்' என்ற எழுத்தைப் பாருங்கள். பல அச்செழுத்துகளில் ரகரத்தின் அடியில் உள்ள சாய்கோடு இதில் இருக்காது, துணைக்காலுக்குத் தலையில் புள்ளி வைத்தது போலவே நிற்கும். புள்ளி மங்கலாக விழுந்தால் எழுத்துணரி அதைக் காலாகவே எடுத்துக்கொள்கிறது. பையனும் அதே இடத்தில்தான் தடுக்கினான். 'பார்' என்பதைப் 'பாா' என்று எடுத்துக்கொண்டு முழித்தான். இயந்திரமும் பிள்ளையும் ஒரே கல்லில் இடறுவதைப் பார்த்த பிறகு, அவனைச் சோம்பேறி என்று சொன்னவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாவது, வரி முடிவில் உடையும் சொற்கள். ஆங்கிலத்தில் சொல் உடைந்தால் சிறு கோடு போடுவார்கள். தமிழ் அச்சில் பெரும்பாலும் அதுவும் கிடையாது. 'நகரங்க' ஒரு வரி, 'ளில்' அடுத்த வரி. எழுத்தாக மாறும்போது நடுவே இடைவெளி விழுந்துவிடும்; குரல் இரண்டு சொல்லாகப் படிக்கும். இங்கேதான் பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம் கைகொடுத்தது. ண, ன, ழ, ள, ற ஆகியவை சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே ஒரு வரி இவற்றில் எதில் தொடங்கினாலும் அது முந்தின வரியின் வால்தான், இழுத்து ஒட்டிவிடலாம். மெய்யெழுத்தில் தொடங்கினாலும் அப்படியே. 'ற்' என்று முடியும் வரியும் அடுத்ததோடு சேர வேண்டியதுதான். க், ச், த், ப் என்று முடிந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது. அது வலி மிகுந்த சந்தியாக இருக்கலாம். மிச்சத்தை வாசித்துப் பார்த்துத்தான் சேர்க்க முடிந்தது. மொழி முதல் எழுத்துகள் எதற்குப் பயன்படும் என்று ஒன்பதாம் வகுப்பில் நான் தமிழய்யாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் நினைவில் இல்லை.

'செ.மீ.', 'கி.மு.' போன்ற சுருக்கங்களை விரித்து எழுதினேன். நீண்ட வாக்கியங்களை உடைத்து, ஒரு வாக்கியம் ஒரு பத்தி என்று வைத்தேன். நிறம் நகரும்போது ஒரு சிறு கட்டம் மட்டும் ஒளிர வேண்டும். எட்டு வரி ஒளிர்ந்தால் கண் எங்கே நிற்பது?

திரையின் அமைப்பைப் பற்றிச் சிறப்பாசிரியரோடு கொஞ்சம் வாதம் நடந்தது. நான் எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு இரண்டு மூன்று சொற்களே வரும்படி வைத்திருந்தேன். இதற்கு ஆதாரமும் இருந்தது. 2013இல் மாத்யூ ஷ்னெப்ஸ் குழுவினர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், டிஸ்லெக்ஸியா உள்ள 103 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் காகிதத்திலும் ஐபாட் டச் திரையிலும் வாசிக்கவைத்து ஒப்பிட்டார்கள். வரிகள் மிகக் குறுகலாக இருந்த அந்தச் சின்னத் திரை எல்லோருக்கும் உதவவில்லை. சில குறிப்பிட்ட சிரமங்கள் கூடுதலாக இருந்த மாணவர்களுக்கு நன்றாக உதவியது. ஆனால் அது ஆங்கிலம். தமிழில் 'வாழ்ந்துகொண்டிருந்தவர்களுடைய' என்று ஒரே சொல் வந்து உட்காரும். பெரிய எழுத்தில் அது ஒரு வரிக்குள் அடங்காது, கண்ட இடத்தில் உடையும்.

நான் 'வாழ்ந்து கொண்டு இருந்தவர்களுடைய' என்று பிரித்துப் போட்டேன். "தேர்வுத்தாளில் இப்படிப் பிரித்துத் தருவார்களா சார்?" என்று சிறப்பாசிரியர் கேட்டார். நியாயம்தான். கடைசியில் இரண்டையும் வைத்தோம். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும், அதில் வரும் நீண்ட சொற்களை முழுதாக ஒரு வரி, பிரித்து அடுத்த வரி என்று ஒரு பட்டியல். அதை அவன் முதலில் கேட்டு, பார்த்துவிட்டுப் பாடத்துக்குள் போவான்.

டிஸ்லெக்ஸியாவுக்கென்றே செய்த எழுத்துரு வேண்டாமா என்று சிலர் கேட்டார்கள். ஓப்பன் டிஸ்லெக்ஸிக் எழுத்துருவில் தமிழ் இல்லை. அதற்காக நான் வருந்தவும் இல்லை. எழுத்தின் வடிவத்தைவிட இடைவெளிதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். 2012இல் மார்கோ சோர்சி குழுவினர் இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் எழுத்திடைவெளியைக் கூட்டிப் பார்த்தபோது, எந்தப் பயிற்சியும் இல்லாமலே பிழை குறைந்து வேகம் கூடியது. தமிழில் இதை அப்படியே செய்யும்போது ஒரு கண் வைத்திருக்க வேண்டும். சில செயலிகளில் இடைவெளியைக் கூட்டினால் துணைக்கால் தன் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். 'கா' என்பது 'கர' போல ஆகிவிடும். நான் சொல்லிடைவெளியையும் வரியிடைவெளியையும் மட்டும் கூட்டினேன். பின்னணிக்கு அவனே இளமஞ்சளைத் தேர்ந்தெடுத்தான். நிறத்துக்குப் பெரிய மகிமை இருப்பதாக நான் நம்பவில்லை. அவன் விருப்பம், இருக்கட்டும்.

குரல் படிக்க, பையன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கேட்பது என்றால் அது வானொலி. பாடம் புரியும், வாசிப்பு வளராது. சிறப்பாசிரியர் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தார்: எதிர்பாராமல் நிறுத்திவிட்டு, "எந்தச் சொல்லில் நிற்கிறது?" என்று கேட்க வேண்டும். அவன் விரல் வைத்துக் காட்ட வேண்டும். முதலில் விரல் எங்கெங்கோ போனது. பிறகு வாக்கியத்துக்குள் வந்தது. இப்போது பெரும்பாலும் சொல்லிலேயே நிற்கிறது.

அப்படி ஒருநாள் நிறுத்தியது 'கோட்டை' என்ற சொல்லில். ஹரப்பா நகரத்தின் உயரமான பகுதியைப் பற்றிய வாக்கியம். அவனாக வாசித்தால் அதைக் 'கேட்டை' என்றுதான் வாசிப்பான். இரட்டைக்கொம்பு, க, அதோடு முடிந்தது. பின்னால் நிற்கும் காலை அவன் கணக்கில் சேர்ப்பதே இல்லை. குரல் 'கோட்டை' என்றது. விரல் சொல்லின்மேல் இருந்தது. கொஞ்ச நேரம் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, முன்னால் இருக்கிற கொம்பும் பின்னால் இருக்கிற காலும் சேர்ந்து ஒரே எழுத்தா?" என்றான். ஆமாம் என்றேன். "அப்படியென்றால் ஏன் இரண்டு பக்கமும் பிரித்து வைத்தார்கள்?" என்றான். என்னிடம் பதில் இல்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் றா, னா, ணா, லை, ளை போன்றவற்றின் தனி வடிவங்களை எடுத்துவிட்டு மற்றவற்றோடு ஒன்றாக்கினார்கள். இந்தக் கொம்பு-கால் விவகாரத்தில் யாரும் கை வைக்கவில்லை. வாயில் க முதலில் வருகிறது, ஓ பிறகு வருகிறது. தாளில் கொம்பு முதலில் நிற்கிறது. பழகியவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

அதற்குப் பிறகு கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் வரும் இடங்களில் முழு எழுத்தையும் நீலமாக்கிக் கொடுத்தேன். கொம்பையும் காலையும் மட்டும் தனியாக நிறமாக்க முடியாது, ஒரே எழுத்தாகத்தான் நிறம் ஏறும். அதுவே அவனுக்கு நல்லதாகப் போயிற்று. நீலம் வந்தால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டான்.

சத்தமாக வாசித்துப் பழக கூகுளின் ரீட் அலாங் இருக்கிறது. 2019இல் இந்தியாவில் 'போலோ' என்ற பெயரில் வந்தது, தமிழும் உண்டு. பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, தடுக்கினால் சொல்லிக்கொடுக்கும். பேருந்து நிலையத்து ஹாரன் சத்தத்தில் கடையில் அது வேலைக்கு ஆகவில்லை. வீட்டில் இரவு நேரத்தில் பரவாயில்லை. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் ஒரு சங்கடம். அவன் வாசிப்புக்கு ஏற்ற முதல் நிலைக் கதைகள் சின்னக் குழந்தைகளுக்கானவை. ஆறாம் வகுப்புப் பையன் அதைக் கையில் வைத்திருப்பதை நண்பர்கள் பார்த்துவிட்டால் அத்தோடு முடிந்தது. அறிவியல், விலங்குகள் பற்றிய புத்தகங்களாகப் பொறுக்கிக் கொடுத்தேன். கதையைவிட அவனுக்குக் கிரிக்கெட் செய்திதான் பிடித்தது. தினசரியின் விளையாட்டுச் செய்தியை அப்படியே கோப்பாக்கிக் கொடுத்தால் கேட்காமலே எடுத்துப் படிக்கிறான். ஆங்கிலப் பாடத்துக்கு, சென்னையில் 1991 முதல் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் ஆவாஸ் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த வாசிப்புச் செயலியைச் சிறப்பாசிரியர் பரிந்துரைத்தார். பக்கத்தைப் படமெடுத்தால் தடுக்கும் சொல்லுக்குக் குறிப்புக் கொடுக்கும்.

பக்கத்துக் கடைக்காரர் பாடநூலை இப்படிப் பிரதியெடுப்பது சட்டப்படி சரியா என்று கேட்டார். சரிதான். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. அச்சு நூலைப் படிக்க முடியாதவர்களுக்கு அதைப் படிக்கத்தக்க வடிவில் கிடைக்கச் செய்ய 2013இல் உருவான பன்னாட்டு மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களும் அதில் அடக்கம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. சான்றிதழ் வாங்கிவைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். அக்காவிடம் அதை இப்போதே எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்; பத்தாம் வகுப்பில் அலைய முடியாது.

பள்ளிக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. பொதுவாக அந்த விதியில் எனக்குச் சண்டை இல்லை. வகுப்பாசிரியரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அடுத்து நடத்தப்போகும் பாடம் எது என்பதை ஒரு வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். சொல்கிறார். நான் கோப்பைத் தயார் செய்து கொடுக்கிறேன், பையன் முன்கூட்டியே கேட்டுவிட்டு வகுப்புக்குப் போகிறான். நடத்தும்போது கை தூக்குகிறான் என்று அக்கா சொன்னார்.

கணக்குப் புத்தகம்தான் இன்னும் வழிக்கு வரவில்லை. பின்னங்களை எழுத்துணரி மேலும் கீழுமாகப் பிய்த்துப் போடுகிறது. குரல் தொகுதியைத் தனி எண்ணாகவும் பகுதியைத் தனி எண்ணாகவும் படிக்கிறது. கையால் 'நான்கில் மூன்று' என்று எழுதிக் கொடுத்தால் தேர்வுத்தாளில் வரும் வடிவத்தை அவன் பார்ப்பதில்லை. தற்போதைக்கு, கணக்கின் படத்தை அப்படியே வைத்து, எழுத்துக் கணக்குகளைப் பையனின் அக்காவை வாசிக்கவைத்துப் பதிவுசெய்து படத்துக்குக் கீழே சேர்த்திருக்கிறேன். அவள் எட்டாம் வகுப்பு. ஒரு கணக்குக்கு ஒரு கடலைமிட்டாய் என்று கூலி பேசியிருக்கிறாள்.